18 முடிந்த மகள் வீட்டை விட்டுப் போனால்: ரிப்போட், ஐசி, கல்யாணக் கையெழுத்து

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு 18 முடிந்து மூன்று மாதம் ஆகிறது. 22 வயதுப் பையனை விரும்புகிறாள் என்று தெரிந்ததும் என் கணவர் அடித்துவிட்டார். அவளுடைய ஐசியையும் (அடையாள அட்டை) எஸ்பிஎம் (பள்ளியிறுதித் தேர்வு) சான்றிதழையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். போன வாரம் பினாங்குப் பக்கம் பிறையில் பாக்டரி வேலை செய்யும் தோழியிடம் போய்விட்டாள். கோவிலில் தாலி கட்டிக்கொள்ளப் போகிறாளாம். பையனும் இந்துதான், ஆனால் வேறு சாதி. கடத்தல் என்று போலீசில் ரிப்போட் கொடுக்கலாமா? எங்கள் கையெழுத்து இல்லாமல் கட்ட முடியுமா?

பதில்: அம்மா, கடத்தல் என்று மட்டும் எழுதாதீர்கள். பெற்றோர் பொறுப்பிலிருந்து பிள்ளையைக் கூட்டிப்போவதைக் குற்றமாக்கும் மலேசியத் தண்டனைச் சட்டம் 361-வது பிரிவு, பெண்ணென்றால் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குத்தான் பொருந்தும். அந்த வயதில் பிள்ளையே விரும்பிப் போனாலும் குற்றம்தான், 7 ஆண்டு வரை சிறை. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டி இரண்டு ஆண்டுக்கு மேலாகிறது. 1971-ஆம் ஆண்டு வயதுவந்தோர் சட்டப்படி 18 முடிந்தவர் எங்கே தங்குவது என்பது அவர் முடிவு.

காணவில்லை என்று ரிப்போட் கொடுப்பது வேறு. அதற்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ரிப்போட் மலாயில் எழுதப்படும், எழுதுபவர் கேட்டது பாதி, ஊகித்தது பாதியாக இருக்கும். 'கெலுவார் ரூமா' (வீட்டை விட்டுப் போனாள்) என்று இருக்க வேண்டிய இடத்தில் 'டிச்சூலிக்' (கடத்தப்பட்டாள்) என்று விழுந்துவிட்டால் விசாரணையின் திசையே மாறிவிடும். கையெழுத்துப் போடுமுன் ஒருவரை வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கோபம் தணிந்த பிறகு 'ரிப்போட்டை மீட்டுக்கொள்கிறேன்' என்று போய் நிற்பவர்கள் நிறையப் பேர். இன்னொரு ரிப்போட் கொடுத்து விளக்கலாமே தவிர, முதல் ரிப்போட் அழிந்துபோகாது. வழக்குப் போடுவதா என்று முடிவு செய்பவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர், நீங்களல்ல. தெரிந்தே பொய்ச் செய்தி கொடுத்தால் 182-வது பிரிவு உங்கள் பக்கமே திரும்பும்.

உண்மையான ரிப்போட் கொடுத்தாலும் போலீஸ் அவளைத் தேடிப்பிடித்து, நலமாக இருக்கிறாளா என்று கேட்டுப் பதிவு செய்யும். வர மாட்டேன் என்றால் இழுத்துவந்து ஒப்படைக்காது. எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்கே தெரியும்போது அந்த ரிப்போட் எதற்கு?

கல்யாணத்தில் கணக்கு வேறு. 18 வயதில் ஓட்டுப் போடலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்திடலாம், ஆனால் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி 21 முடியும்வரை எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். யாருடையது? அப்பாவுடையது. அவர் உயிரோடு இருக்கையில் உங்கள் கையெழுத்து அதற்கு ஈடாகாது. அம்மாவைக் கூட்டிப்போனால் போதும் என்று ஜேபிஎன் (தேசியப் பதிவிலாகா) கவுண்டர்வரை போய்த் திரும்பும் ஜோடிகள் இங்கேதான் தடுக்குகிறார்கள். பையனுக்கு 22, அவனுக்கு இந்தச் சம்மதம் தேவையில்லை.

அப்பா மறுத்தால் கதை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். சம்மதம் நியாயமின்றி மறுக்கப்படுகிறது என்று மகள் உயர்நீதிமன்றத்தில் மனுப் போடலாம். உங்களுக்குப் பக்கம் ஈப்போ. நீதிமன்றம் திருப்தியடைந்தால் அப்பாவுக்குப் பதிலாகத் தானே சம்மதம் தரும். பையன்மேல் போதைப்பொருள் வழக்கு, ஏற்கெனவே ஒரு கல்யாணம் என்று ஆதாரத்தோடு காட்டினால் அது காரணம். 'வேறு சாதி' என்பது அங்கே எடுபடாது என்பதே என் கணிப்பு. உங்கள் கணவருக்கு இதை இப்போதே சொல்லுங்கள்.

கோவில் தாலிக்கு வருகிறேன். 1982 மார்ச் 1 முதல், சட்டப்படி பதிவாளர் முன் நடக்காத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே அல்ல. படம், பத்திரிகை, முந்நூறு பேர் சாப்பிட்ட விருந்து எல்லாம் இருந்தும் அவள் மணமாகாதவள்தான். நாளை பிள்ளை பிறந்தால் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் சேர்க்க இருவரும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டியிருக்கும். ஜேபிஎன்-னில் மனுக் கொடுத்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டியிருக்கும். ஆட்சேபம் உள்ளவர் அப்போது தடை மனுப் பதியலாம். சும்மா வம்புக்குப் பதிந்ததென்று தெரிந்தால் செலவைக் கட்டச் சொல்வார்கள்.

இனி அலமாரி. நியாயமான காரணமின்றி அடுத்தவர் ஐசியை வைத்திருப்பது குற்றம். 'என் மகள்தானே' என்பது 18 முடிந்தபின் நல்ல காரணமல்ல. 'தொலைந்துவிட்டது' என்று பொய் சொல்லி அவள் புது ஐசி எடுக்க நேர்ந்தால் அவளுக்கும் தொல்லை. அடித்ததை லேசாக விடாதீர்கள். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வளர்ந்த பிள்ளைக்கும் பொருந்தும். விருப்பத்துக்கு மாறாகப் பூட்டிவைப்பதும் அதில் வன்முறையே. கணவர் பிறைக்குப் போய் அவளை இழுத்துவந்தால், சமூகநல அதிகாரி 7 நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு போட முடியும். 'தாலியான் காசிஹ்' என்னும் அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999-க்கு அவள் ஒரு போன் போட்டால் போதும்.

ஐசி, சான்றிதழ் இரண்டையும் படியெடுத்து வைத்துக்கொண்டு, அசலை நீங்களே பிறைக்குக் கொண்டுபோய் மகள் கையில் கொடுங்கள். தபாலில் வேண்டாம், தோழியிடமும் வேண்டாம். கணவரைக் கூட்டிப்போகாதீர்கள். 12-வது பிரிவை அவளுக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தாலிக்கு நாள் குறிக்குமுன் படிக்கட்டும்.