பூட்டு கடைசியில்தான் விழுகிறது: ரேன்சம்வேர் கேள்வி பதில்

ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள், அடித்த இடங்களுக்குப் போய் சிஸ்டங்களை மீட்டுக் கொடுப்பது என் வேலை. 11 வருடமாகச் செய்கிறேன், பெரும்பாலும் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளில். கேள்விகளை வந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறேன். மொபைல், வீட்டு லேப்டாப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேள்வி (திருப்பூர், ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர்): சனிக்கிழமை மாலை வரை எல்லாம் ஓடியது சார். திங்கள் காலை டேலி கணக்கு மென்பொருள் திறக்கவில்லை, எல்லா ஃபோல்டரிலும் மிரட்டல் கடிதம். ஒரே ராத்திரியில் எப்படி உள்ளே வந்தார்கள்?

பதில்: ஒரே ராத்திரியில் வரவில்லை. பூட்டியதுதான் அந்த ராத்திரி. அதற்குப் பல நாள் முன்பே, சில இடங்களில் பல வாரம் முன்பே, உள்ளே வந்து குடியிருந்திருப்பார்கள்.

இதை ஒரே ஆள் செய்கிறான் என்று நினைக்காதீர்கள். கதவு திறந்திருக்கும் கம்பெனிகளைத் தேடிக் கண்டுபிடித்து விற்பதே தொழிலாகக் கொண்டவன் ஒருவன். அதை விலைக்கு வாங்கி உள்ளே போகிறவன் வேறொருவன். பூட்டும் மென்பொருளைச் செய்து வாடகைக்கு விடும் கும்பல் தனி. லாக்பிட் கும்பல் வசூலில் 20 சதவீதத்தைப் பங்காக எடுத்துக்கொண்டது. கோன்டி கும்பலின் உள் உரையாடல்கள் 2022 பிப்ரவரி கடைசியில் வெளியே கசிந்தபோது மாதச் சம்பளம், ஆள் எடுப்பு, லீவு என்று ஒரு சாதாரண ஆபீஸ் நடப்பது தெரிந்தது.

நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் கதவு ஒன்றுதான். ஆடிட்டர் வீட்டிலிருந்தே டேலி பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வாசலை, திறந்து விட்டிருப்பார்கள், பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-உம். இணையம் முழுக்க இந்தப் போர்ட்டை இரவும் பகலும் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே வந்ததும் ஆன்ட்டிவைரஸை நிறுத்துவார்கள். மெமரியிலிருந்து மற்ற பாஸ்வேர்டுகளை உருவுவார்கள். திரும்பி வர வசதியாக, தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க் மென்பொருளைப் போட்டு வைப்பார்கள். அது உங்கள் ஆட்களும் பயன்படுத்துவதுதானே, யாருக்கும் சந்தேகம் வராது. அப்புறம் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், ஆதார் நகல் எல்லாவற்றையும் வெளியே அள்ளுவார்கள். பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடி அழிப்பார்கள். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பிரதிகளையும் விடமாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான், ஆபீசில் யாரும் இல்லாத ராத்திரியாகப் பார்த்துப் பூட்டுவார்கள்.

அதனால் பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டால் முடிந்தது என்று இருக்காதீர்கள். எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்று கண்டுபிடித்து மூடாமல் மீட்டால், மறுபடியும் அவர்கள் கையில்தான் கொடுக்கிறீர்கள்.

கேள்வி (ஈரோடு, மஞ்சள் மண்டி): கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புதிதாக ஏதோ ஒட்டியிருக்கிறது. திறக்க சாஃப்ட்வேர் இருக்கிறதா?

பதில்: சிலவற்றுக்கு இருக்கிறது. ‘நோ மோர் ரேன்சம்’ என்ற தளம் 2016 முதல் இயங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. பூட்டப்பட்ட ஒரு கோப்பையும் மிரட்டல் கடிதத்தையும் அதில் ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும். சாவி கிடைத்திருந்தால் இலவசமாகத் தரும். ரகசியம் ஏதும் இல்லாத கோப்பாகப் பார்த்து ஏற்றுங்கள். இல்லையென்றால் பூட்டிய டிஸ்க்கை அப்படியே எடுத்து வையுங்கள், ஃபார்மேட் பண்ணாதீர்கள். கும்பல் பிடிபட்டுச் சாவிகள் பிறகு வெளிவந்த சம்பவங்கள் உண்டு.

கேள்வி (யாழ்ப்பாணம்): இலங்கையில் யாரிடம் முறையிடுவது அண்ணா?

பதில்: இலங்கை கணினி அவசர உதவிக் குழுவிடம், அதாவது ஸ்ரீலங்கா செர்ட்.

உங்கள் ஊர்ச் சம்பவம் ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை தாக்கப்பட்டது. அதில் ஓடிக்கொண்டிருந்தது 2013-ஆம் ஆண்டின் பழைய எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர். சேவை மீண்டும் வந்துவிட்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. சுமார் 5,000 முகவரிகள். காரணம், கூடவே இணைந்திருந்த பேக்கப்பும் பூட்டப்பட்டது. அந்த மூன்று மாதத்துக்குத் தனியே பிரித்து வைத்த பிரதி இல்லை.

பேக்கப்பில் ஒன்றாவது கழற்றி வைத்ததாக இருக்க வேண்டும். இதை இன்னும் பல தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (சேலம், ஜவ்வரிசி ஆலை): எங்கள் கோப்புகளும் பெயர் மாறிவிட்டன. திறக்க வழி உண்டா?

பதில்: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதேதான், மேலே பாருங்கள். இன்னொன்று: ‘நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சிலர் கும்பலுக்கே ரகசியமாகப் பணம் கட்டிச் சாவி வாங்கி, அதற்கு மேல் லாபம் வைத்து உங்களிடம் வாங்குகிறார்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், வார்ப்படப் பட்டறை உரிமையாளர்): ‘பணம் கொடுக்காதே’ என்று எல்லா நிபுணர்களும் சொல்கிறீர்கள். எனக்கு 140 பேர் வேலை செய்கிறார்கள். டிராயிங் எல்லாம் போய்விட்டது. 10 நாள் பட்டறை நின்றது. நான் கொடுத்தேன், கோப்புகள் திரும்பி வந்தன. நான் செய்தது தப்பா?

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். 140 குடும்பத்தின் சோறு உங்கள் கையில் இருந்தது. ஆனால் கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் பூட்டப்பட்டது. நாட்டின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய் அது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்குதான், அதாவது வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் கணக்குதான், கதவு. பாஸ்வேர்டுக்கு மேல் ஓ.டி.பி. போன்ற இரண்டாவது பூட்டு அதற்கு இல்லை. 75 பிட்காயின், அன்றைக்கு சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தார்கள். சாவி வந்தது. ஆனால் அது அவ்வளவு மெதுவாக வேலை செய்ததால் தங்கள் சொந்த பேக்கப்பிலிருந்தே மீட்க வேண்டியிருந்தது.

2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர், அமெரிக்காவில் மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் நிறுவனம். அங்கேயும் இரண்டாவது பூட்டு இல்லாத ஒரு நுழைவாயில். 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பூட்டும் மென்பொருளை வாடகைக்கு விட்ட கும்பல் முழுப் பணத்தையும் சுருட்டிக்கொண்டு மறைந்துவிட்டது. உள்ளே போய்த் திருடியவனுக்குப் பங்கு வரவில்லை, தகவல்கள் அவன் கையிலேயே இருந்தன. இரண்டே மாதத்தில் வேறொரு கும்பல் அதே தகவல்களைக் காட்டி மறுபடியும் மிரட்டியது.

‘கொடுத்தால் அழித்துவிடுவோம்’ என்ற வாக்குறுதியின் மதிப்பும் தெரிந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டன் போலீஸ் தலைமையில் லாக்பிட் சர்வர்களைக் கைப்பற்றியபோது, பணம் கொடுத்தவர்களின் தகவல்களும் அங்கேயே இருந்தன.

அவரே: எனக்கு அப்படி நடக்கவில்லையே. பேரம் பேசினேன், பாதிக்கு வந்தார்கள். நாணயமாகவே நடந்துகொண்டார்கள்.

பதில்: நாணயம் என்ற சொல்லை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது நடக்கிறது. சாவி தராவிட்டால் அடுத்தவன் பணம் கொடுக்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் பெரும்பாலும் தருகிறார்கள். என் கேள்வி வேறு. எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்று கண்டுபிடித்தீர்களா?

அவரே: பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம்.

பதில்: எல்லாவற்றையுமா? பழைய வேலையாள் கணக்கு, ஃபயர்வால், வெண்டர் வைத்திருக்கும் கணக்கு, பேக்கப் சாஃப்ட்வேர்? சர்வரைப் புதிதாக நிறுவினீர்களா, அல்லது திறந்த கோப்புகளோடு அப்படியே ஓட்டுகிறீர்களா? அப்படியே என்றால் இந்த வாரமே யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு முறை பணம் கொடுத்தவர் என்ற விவரம் அவர்களிடம் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, நீங்கள் மறுபடியும் மாட்டக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை, சட்டக் கல்லூரி மாணவி): இவரைப் போன்றவர்கள் கொடுப்பதால்தான் இந்தத் தொழில் நடக்கிறது. பணம் கொடுப்பதையே சட்டவிரோதம் ஆக்கினால் என்ன?

பதில்: நல்ல கேள்வி அம்மா, ஆனால் பட்டறைக்காரரைக் குற்றவாளி ஆக்கிப் பேச வேண்டாம். அவர் திருட்டுக் கொடுத்தவர். அமெரிக்காவில் வட கரோலைனா 2021-இலும் புளோரிடா 2022-இலும் அரசு அலுவலகங்கள் பணம் கொடுக்கத் தடை போட்டன. அரசுக்கு அது பொருந்தும், வரிப்பணத்தில் மீண்டு எழ முடியும். 40 பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு அப்படி ஒரு சட்டம் போட்டால் மறைத்துக் கொடுப்பார்கள், போலீசுக்குத் தகவலே வராது. எனக்கு அதுதான் பயம்.

பட்டறை உரிமையாளர்: சரி, உங்கள் சொந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நேராகச் சொல்லுங்கள்.

பதில்: கழற்றி வைத்த பேக்கப் இருந்தால் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன், திருடிய தகவலை வெளியிடுவோம் என்று மிரட்டினாலும். வெளியே போனது போனதுதான். பேக்கப் இல்லை, கொடுக்காவிட்டால் கம்பெனி மூடிவிடும் என்ற நிலை என்றால், முதலில் வக்கீலைப் பார்ப்பேன். அந்தக் கும்பல் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தால் பணம் கொடுப்பதே தனி வழக்காகலாம், ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு முக்கியமாக. அடுத்து, மாதிரிக்கு இரண்டு கோப்புகளைத் திறந்து காட்டச் சொல்வேன். அதற்கெல்லாம் பிறகு கொடுக்கும் நிலைக்கு நானும் வரலாம். பிரிட்டனில் கே.என்.பி. என்று 158 வருடப் பழமையான லாரி நிறுவனம். 2023-இல் அகிரா கும்பல் அடித்தது, மீள முடியாமல் மூடினார்கள். சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். அதனால் உங்கள் 10 நாளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (கரூர், ஜவுளி): ஃபைல் பெயரெல்லாம் மாறிவிட்டது, எப்படித் திறப்பது?

பதில்: மூன்றாவது முறை. கேட்பதற்கு முன் மேலே படியுங்கள். ஃபார்மேட் பண்ணாதீர்கள்.

கேள்வி (மதுரை, தனியார் மருத்துவமனை நிர்வாகி): டெல்லி எய்ம்ஸில் நடந்ததிலிருந்து எங்களுக்கு என்ன பாடம்?

பதில்: 2022 நவம்பர் 23. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. இரண்டு வாரம் அளவுக்குப் பேப்பரில் சீட்டு எழுதினார்கள். நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததைக் காரணமாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. உங்கள் வரவேற்பறைக் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கேன் மெஷினுக்கும் மருந்தகச் சர்வருக்கும் தடையில்லாமல் போக முடிகிறதா என்று நாளைக்கே பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் உங்களுக்கும் அதே ஆபத்துதான்.

கேள்வி (ஓசூர், உதிரிபாகத் தொழிற்சாலை): எந்தக் கம்பெனியாவது இதை நல்ல முறையில் சமாளித்திருக்கிறதா?

பதில்: நார்வேயின் நோர்ஸ்க் ஹைட்ரோ. அலுமினியக் கம்பெனி, 40 நாடுகளில் 35,000 பேர். 2019 மார்ச் 19 அன்று காலை வேலைக்கு வந்தவர்கள் வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார்கள்: எந்தக் கருவியையும் நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள். கதவு, சில மாதம் முன்பு நம்பிக்கையான வாடிக்கையாளரிடமிருந்து வந்த ஒரு மெயிலின் இணைப்பு.

அவர்கள் பணம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். எதையும் மறைக்கவில்லை. தங்கள் இணையதளம் படுத்துவிட்டதால் ஃபேஸ்புக்கில் தகவல் சொன்னார்கள், பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு நிலைமையை விளக்கினார்கள். தொழிற்சாலைகளைக் கையால் ஓட்டினார்கள், பழைய முறை தெரிந்த ஓய்வு பெற்றவர்களும் உதவிக்கு வந்தார்கள். இலவசம் இல்லை, முதல் வாரத்தில் மட்டும் 30 முதல் 35 கோடி நார்வே குரோனர் இழப்பு. ஆனால் பேக்கப் இருந்தது, ஒவ்வொரு சிஸ்டமாகச் சுத்தம் செய்து எழுந்தார்கள். வாடிக்கையாளர்களும் நம்பிக்கை இழக்கவில்லை. நம் கம்பெனிகள் முதலில் செய்வது மறைப்பது. சப்ளையருக்கு அடுத்த வாரம் அதே மெயில் போய் அவரும் மாட்டுகிறார்.

உங்களுக்கு ஒரு கேள்வி: கம்ப்யூட்டர் இல்லாமல் மூன்று நாள் டெஸ்பாட்ச் நடத்த உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா? ஒரு சனிக்கிழமை ஒத்திகை பாருங்கள்.

கேள்வி (ராஜபாளையம்): நெட்வொர்க்கில் இணைந்த நாஸ் சேமிப்புப் பெட்டியில் தினமும் பேக்கப் ஆகிறது. போதும்தானே?

பதில்: போதாது. எப்போதும் இணைந்திருக்கும் நாஸ் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். போன வருடம் ஒரு நூற்பாலையில் சர்வருக்கு முன்பே நாஸைத்தான் பூட்டியிருந்தார்கள். இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்று எப்போதும் கழற்றி பீரோவில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை அதிலிருந்து மீட்டுப் பார்த்தால்தான் அது பேக்கப்.

கேள்வி (திருச்சி): அண்ணா, அவசரம். இப்போதுதான், இந்த நிமிடம், எங்கள் ஆபீஸ் சர்வரில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஆஃப் பண்ணவா?

பதில்: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், முதலில் சர்வர், அப்புறம் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச். வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்க் மாட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள். கேபிளைக் கழற்ற வழி இருந்தால் சர்வரை ஆஃப் பண்ண வேண்டாம், மெமரியில் தடயம் இருக்கும். வழியே இல்லையென்றால் மட்டும் ஆஃப் பண்ணுங்கள். திரையையும் மிரட்டல் கடிதத்தையும் போனில் படம் எடுங்கள். கம்பெனி மெயிலில் இதைப் பற்றி எழுதாதீர்கள், அவர்கள் படித்துக்கொண்டிருக்கலாம். போனில் மட்டும் பேசுங்கள். கும்பலுக்கு யாரும் பதில் எழுதக் கூடாது. மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் போக வேண்டும். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் போன் பண்ணிப் புகார் பதியுங்கள்.

உங்கள் எண்ணைத் தனியே அனுப்புங்கள், நான் இப்போதே கூப்பிடுகிறேன். மற்றவர்களின் கேள்விகளை நாளை மாலை எடுத்துக்கொள்கிறேன்.