கவிஞர் பதில்கள்: பூட்டிய வீட்டை எப்படிப் பாடுவது?

எங்கள் பூர்வீக வீடு ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கிறது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கிறோம். அதைப் பற்றி நான் எழுதிய கவிதைகளை எல்லோரும் உருக்கமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கோ ஒரே புலம்பலாகத் தெரிகிறது. எங்கே தவறுகிறேன்?
– ஒரு வாசகி, காரைக்குடி

நீங்கள் அனுப்பிய கவிதைகளைப் படித்தேன். உங்கள் துயரம் மெய்யானது; ஆனால் கவிதைகளுக்குள் வீட்டைக் காணவில்லை. 'மௌனச் சுவர்கள்', 'கண்ணீர் வடிக்கும் தூண்கள்' என்பவை எந்த ஊரின் எந்த வீட்டுக்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை இருந்திருக்கும். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் அவரவர்க்கு அடுப்பு வேறாக இருந்திருக்கும். அண்டாவிலும் தூக்கிலும் குடும்பத்தின் பெயரெழுத்துகளை வெட்டி வைத்திருப்பார்கள். இப்போது எந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த அடுப்பு கடைசியாக எரிந்தது, பெயர் வெட்டிய பாத்திரங்களில் எது முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்தது என்பவற்றை மட்டும் எழுதிப் பாருங்கள். அழுகையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். படிப்பவர் துயரத்தைத் தாமே சென்றடைய வேண்டும். நாம் முந்திக்கொண்டு அழுதுவிட்டால், நம்மைத் தேற்றுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்காது. 'உருக்கமாக இருக்கிறது' என்று உங்களிடம் சொன்னவர்கள் அந்தத் தேறுதலைத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

கவிதை எதற்காக எழுதப்பட வேண்டும்? சமூகத்துக்காகவா, எழுதுபவரின் மனநிறைவுக்காகவா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

மகிபாலன்பட்டியைக் கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று போற்றுகிறோம். புறநானூற்றின் 192ஆம் பாடலாகிய 'யாதும் ஊரே' என்பதன் முதலடியை மேடைதோறும் முழங்கும் நாம், எஞ்சிய பன்னிரண்டு அடிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். மின்னலோடு மழை பெய்கிறது. கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில் ஒரு தெப்பம் நீரின் போக்கிலேயே போகிறது. உயிரும் அவ்வாறே முறைவழி போகும் என்று தெளிந்ததனால், பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று பாட்டு முடிகிறது. அந்த முடிவைத் தாங்கி நிற்பவை ஆறும் தெப்பமுமே. அவற்றை நீக்கிவிட்டு முடிவை மட்டும் சொன்னால் மரியாதைக்காகத் தலையசைப்போம், மனம் நம்பாது.

ஆகவே சமூகத்துக்கா, தனக்கா என்பதை எழுதி முடித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். எழுதும் நேரத்தில் கவிஞர் கடன்பட்டிருப்பது தாம் கண்ட பொருளுக்கு. அதை உள்ளபடி சொல்லிவிட்டால், தம் வாழ்விலும் அதையே கண்டு, சொல்லத் தெரியாமல் தவித்த எவரோ ஒருவருக்கு அது போய்ச் சேர்கிறது. நான் எழுதுவது அந்த ஒருவருக்காகத்தான்.

எத்தனை முறை திருத்த வேண்டும்?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு எங்கும் தடுக்காமல் ஓடும் நிலை வரும் வரை.

புதுக்கவிதை எழுதுபவர் யாப்புக் கற்க வேண்டுமா?
– ஒரு கல்லூரி மாணவர், பள்ளத்தூர்

கற்றுக்கொள்ளுங்கள். வெண்பாவின் ஈற்றடிக்கு மூன்றே சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவு சிறிய இடத்துக்குள் சொல்ல வந்ததை முடிக்க முயலும்போது, கைக்கு முதலில் வந்த சொல் பொருந்தாமல் போகும். வேறு சொல்லைத் தேடுகையில்தான், சொல்ல வந்தது இன்னதென்று நமக்கே தெளியும். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புகிறார். பூ வேலைப்பாடு அடியில், கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும் வரை அது எப்படி வந்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. யாப்புக்குள் எழுதுபவரின் நிலையும் அதுதான். பிறகு யாப்பை விட்டுப் புதுக்கவிதைக்கு வந்தாலும், பழகிய காது உங்களோடு இருக்கும். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழா உங்களுக்கு அருகிலேயே நடக்கிறது. அங்கே போனால் பாடல்களைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

என் அப்பத்தா எழுத்தறியாதவர். தாலாட்டும் ஒப்பாரியும் தாமே கட்டிப் பாடுவார். அவற்றை இலக்கியம் எனலாமா?
– ஒரு வாசகர், கோட்டையூர்

தாராளமாக எனலாம். எந்தக் குழந்தைக்குப் பாடுகிறோம், கடல் கடந்து போன எந்த அம்மானைப் பாட்டில் வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. உங்கள் ஊர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. அச்சேறியவை அப்படிப் பிழைத்தன. அப்பத்தாவின் பாட்டு இன்னும் அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. கைப்பேசியில் பதிவு செய்து, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதி வையுங்கள். யாருக்காகப் பாடியது என்பதையும் கேட்டு மேலே குறித்துவிடுங்கள். ஒப்பாரியை வீட்டுக்குள் சும்மா பாட அவர் தயங்கக்கூடும். வற்புறுத்தாமல் தாலாட்டிலிருந்து தொடங்குங்கள்.