சின்ன ஜவுளிக்கடைக்கு ஆண்டு பட்ஜெட் போடுவது எப்படி?

போன ஏப்ரல் முதல் மார்ச் வரையான விற்பனையை மாதவாரியாக எழுதுங்கள். மொத்தத்தை 12-ஆல் வகுத்துவிடாதீர்கள். ஜவுளியில் தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி, முகூர்த்த மாதங்கள்தான் ஆண்டையே தூக்கி நிறுத்தும். மற்ற மாதங்களில் வாடகைக்கே இழுபறியாக இருக்கலாம். ஜிஎஸ்டியை நீக்கிவிட்டு எழுதுங்கள், அது உங்கள் பணம் இல்லை. காம்போசிஷன் திட்டத்தில் (வாடிக்கையாளரிடம் வரி வாங்காமல், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கைக்காசிலிருந்து கட்டும் சிறு வணிகர் திட்டம்) இருந்தால் மட்டும் அந்த வரியைச் செலவில் சேர்க்க வேண்டும்.

அப்புறம் செலவு. வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தீபாவளி போனஸும் உங்கள் சொந்தச் சம்பளமும்தான் விட்டுப்போகும். உங்களுக்கென்று ஒரு தொகை எழுதாத பட்ஜெட்டை நான் நம்பவே மாட்டேன்.

மாதச் செலவு 60,000 ரூபாய், விற்பனையில் சரக்கு விலை போக நிற்பது 25% என்றால், 2,40,000 ரூபாய்க்கு விற்றால்தான் கைநஷ்டம் இல்லை. இந்த ஒரு எண்ணைக் கல்லாப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

லாபம் வேறு, கையிருப்பு வேறு. தீபாவளிச் சரக்குக்கு ஆகஸ்டிலேயே பணம் போய்விடும், திரும்பி வருவது அக்டோபருக்கு மேல்தான். கடன் தவணையில் அசல் பகுதி லாபக் கணக்கில் வராது, ஆனால் வங்கியிலிருந்து போகும். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் 45 நாளுக்கு மேல் கடன் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. அதனால் மாதாமாதம் வரவு, போக்கு, மீதி என்று தனியாக ஒரு தாள் போடுங்கள். மீதி மைனஸில் போகும் மாதத்துக்கு இப்போதே வங்கியில் ஓவர்டிராஃப்ட் (OD) வரம்பு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் வசதி, கேட்டுவிடலாம்.