கணினியில் மின்னஞ்சல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விண்டோஸோடு வந்த 'மெயில்' செயலியில்தான் ஜிமெயில், யாகூ இரண்டையும் பார்த்து வந்தேன். இப்போது திறந்தால் 'புதிய அவுட்லுக்'குக்கு மாறச் சொல்கிறது. மாறலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: அந்த மெயில் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது. புதிய அவுட்லுக் இலவசம்தான். ஆனால் அதில் ஜிமெயிலையோ யாகூவையோ சேர்த்தால், கடிதங்கள் நேராக உங்கள் கணினிக்கு வருவதில்லை. மைக்ரோசாப்ட்டின் சர்வருக்கு ஒரு நகல் போய், அங்கிருந்துதான் உங்கள் திரைக்கு வரும். இலவசப் பதிப்பில் விளம்பரமும் உண்டு. உங்கள் முகவரி இரண்டும் வேறு நிறுவனங்களுடையவை. நடுவில் இன்னொருவர் எதற்கு? 'தண்டர்பேர்ட்' என்ற மின்னஞ்சல் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். 2004-இல் 1.0 பதிப்பு வந்தது. காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

தண்டர்பேர்ட்.நெட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். முதல்முறை திறந்ததும் பெயரும் முகவரியும் கேட்கும். கொடுத்தால் சர்வர் விவரத்தை அதுவே தேடி எடுக்கும். ஐமேப் (கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும்), பாப்3 (கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும்) என்று இரண்டு காட்டினால் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து கூகுளின் உள்நுழைவுச் சாளரம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கேதான் தர வேண்டும். அந்தச் சாளரம் வெள்ளையாகவே நின்றாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, பெரும்பாலும் குக்கீ தடுக்கப்பட்டிருக்கும். தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் குக்கீயை அனுமதித்துவிட்டு மறுபடி முயலுங்கள். விவரங்களைக் கையால் நிரப்ப நேர்ந்தால்: உள்வருவதற்கு ஐமேப்.ஜிமெயில்.காம், போர்ட் 993, எஸ்.எஸ்.எல்.; வெளியே போவதற்கு எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் 465, எஸ்.எஸ்.எல். இரண்டுக்கும் அங்கீகார முறை 'ஓஆத்2', அதாவது மேலே சொன்ன கூகுள் சாளரம் வழியாக நுழையும் முறை. யாகூவும் இதே மாதிரிதான், சர்வர் பெயர்கள் மட்டும் வேறு.

ஜிமெயிலைச் சேர்த்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஜிமெயிலில் 'ஆல் மெயில்' என்றொரு பெட்டி இருக்கிறது. இன்பாக்ஸில் இருக்கும் கடிதம் அதிலும் இருக்கும். தண்டர்பேர்ட் இரண்டையும் தனித்தனியாக இறக்குவதால் 6 ஜி.பி. அஞ்சல் வட்டில் 12 ஜி.பி. வரை பிடித்துவிடும். அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்', அதில் 'அட்வான்ஸ்ட்' போய் ஆல் மெயிலுக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். கடிதங்களை அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் நீக்கி 'ஆர்க்கைவ்' செய்யும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் எடுக்கக் கூடாது. லேபிள் போடாமல் ஆர்க்கைவ் செய்த கடிதம் ஆல் மெயிலில் மட்டும்தான் இருக்கும்.

ஐமேப்பில் இறங்கியிருப்பதைக் காப்பு நகல் என்று நினைத்துவிடாதீர்கள். சர்வரில் அழிந்தால் கணினியிலும் அழியும். கட்டாயம் வேண்டிய கடிதங்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழே ஆண்டுவாரியாக ஒரு ஃபோல்டர் போட்டு நகலெடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை தண்டர்பேர்டை மூடிவிட்டு கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் வெளி வட்டுக்கு நகலெடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை 'ஹெல்ப்' மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' காட்டும்.

கேள்வி: ஜிமெயில் கடவுச்சொல் சரிதான், பிரவுசரில் நுழைய முடிகிறது. பழைய அவுட்லுக் 2010 மட்டும் தவறு என்கிறது. – வாசகி, நாகர்கோவில்

பதில்: கடவுச்சொல்லில் பிழையில்லை. வெறும் கடவுச்சொல்லை மட்டும் காட்டி நுழையும் முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30-இல் மூடத் தொடங்கியது. ஓஆத்2 முறை அவுட்லுக் 2010-க்குத் தெரியாது. கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்று உருவாக்குங்கள். வரும் 16 எழுத்துகளை இடைவெளி இல்லாமல் கடவுச்சொல் கட்டத்தில் இடுங்கள். இந்த வழி ஹாட்மெயில், அவுட்லுக்.காம் முகவரிகளுக்குச் செல்லாது. 2024 செப்டம்பர் 16 முதல் அங்கே ஓஆத்2 கட்டாயம். எப்படியும் அவுட்லுக் 2010-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020-லேயே நின்றுபோயிற்று. அதை விட்டுவிடுவதுதான் நல்லது.

கேள்வி: அலுவலகக் கணினியில் தண்டர்பேர்ட், கைப்பேசியில் வேறொரு செயலி. நிறுவன முகவரிக்கு வரும் கடிதங்கள் கைப்பேசியில் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. – வாசகர், ஈரோடு

பதில்: 'இரண்டு வாரம்' என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. அலுவலகக் கணினியில் கணக்கு பாப்3 முறையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாப்3 கணக்குக்கு தண்டர்பேர்டின் இயல்பான அமைப்பு, கடிதத்தை இறக்கியபின் 14 நாள் மட்டும் சர்வரில் விட்டுவைப்பது. அதற்குப் பிறகு அழித்துவிடும். அந்த சர்வரையே பார்க்கும் கைப்பேசியிலும் காணாமல் போகும். இன்றைக்கே 'சர்வர் செட்டிங்ஸில்' அந்த 14 நாள் டிக்கை எடுங்கள்.

அதன் பிறகு ஐமேப்புக்கு மாறுங்கள். இருக்கிற பாப் கணக்கையே ஐமேப்பாக மாற்ற வழியில்லை. அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். சர்வரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு, பாப் கணக்கின் கடிதங்களை இருநூறு முந்நூறாகத் தேர்ந்து, வலது க்ளிக்கில் 'காப்பி டு' கொடுத்துப் புதிய கணக்குக்கு ஏற்றுங்கள். 'மூவ்' வேண்டாம், பாதியில் இணைய இணைப்பு அறுந்தால் எது போயிற்று, எது நின்றது என்று தேட வேண்டியிருக்கும். எல்லாம் வந்துவிட்டதா என்று வெப்மெயிலில் பார்த்த பிறகே பழைய கணக்கை நீக்குங்கள்.

கேள்வி: ஏற்றுமதி செய்கிறோம். சொந்த டொமைனில் (முகவரியில் @-க்குப் பின் எங்கள் நிறுவனப் பெயர் வரும்படி) முகவரி வேண்டும்; தண்டர்பேர்டில் பார்க்க வேண்டும். ஜோஹோ மெயில் சேவையின் இலவசத் திட்டம் போதுமா? நாங்கள் அனுப்புவது ஸ்பேமில் விழுவதாகவும் வாங்குபவர்கள் சொல்கிறார்கள். – வாசகர், திருப்பூர்

பதில்: இலவசத் திட்டம் போதாது. அதில் ஐமேப் கிடையாது, பிரவுசரிலும் ஜோஹோவின் செயலியிலும்தான் பார்க்கலாம். கட்டணத் திட்டம் எடுங்கள். அதற்கும் முன்னால், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இணையதளம் செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். டொமைன் உங்களிடம் இருந்தால், நாளைக்குச் சேவை பிடிக்காவிட்டாலும் அதே முகவரியோடு வேறிடம் போகலாம்.

ஸ்பேம் பிரச்சினைக்குக் காரணம் பெரும்பாலும் டி.என்.எஸ். பதிவுகள், அதாவது உங்கள் டொமைனைப் பற்றி இணையத்தில் பதிந்துவைக்கும் குறிப்புகள். உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்.பி.எஃப்.; ஒவ்வொரு கடிதத்திலும் முத்திரை இடுவது டிகிம். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அனுப்புபவர்களிடம் இவற்றைக் கேட்கின்றன. அடிக்கடி நடக்கும் தவறு: பழைய ஹோஸ்டிங்கின் எஸ்.பி.எஃப். வரியை விட்டுவிட்டு, பக்கத்தில் புதிய சேவைக்கு இன்னொரு வரி சேர்ப்பது. ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப். வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை பிழையாகிவிடும், இரண்டுமே பயன்படாது. ஒரே வரியாகச் சேர்த்து எழுதுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஏதாவது ஒரு ஜிமெயில் முகவரிக்கு உங்கள் தண்டர்பேர்டிலிருந்து ஒரு கடிதம் அனுப்புங்கள். அதை பிரவுசரில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' கொடுங்கள். மேலே எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.

கேள்வி: 2001-இல் வந்த தமிழ்க் கடிதங்கள் இப்போது கிறுக்கலாகத் தெரிகின்றன. மீட்க முடியுமா? – வாசகி, மதுரை

பதில்: முடியும். அவை யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி, டாப், டாம் போன்ற குறியீடுகளில் எழுதப்பட்டவை. தண்டர்பேர்டின் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' இவற்றுக்கு உதவாது; அந்தக் குறியீடுகள் அதற்குத் தெரியாது. கிறுக்கலை அப்படியே நகலெடுத்து, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டி, முதலில் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். சரியாக வராவிட்டால் டாப், பிறகு டாம். மாற்றிய பிறகும் மூலக் கடிதத்தை அழிக்க வேண்டாம். தேதியும் அனுப்பியவர் முகவரியும் அதில்தான் இருக்கின்றன.