கொள்ளுத்தாத்தாவோட டாக்டர் கடிதங்கள்: பிரிச்சு அடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க

கேள்வி: எங்க அம்மாவோட தாத்தா கும்பகோணம் பக்கம் டாக்டரா இருந்தவர். 1906லேர்ந்து 1931 வரைக்கும் மத்த டாக்டர்களோட அவர் வெச்சிருந்த கடிதப் போக்குவரத்து ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பரண்ல இருக்கு, எல்லாம் இங்கிலீஷ், பாதி படிக்கவே முடியல. வீட்டை வித்தாச்சு, அடுத்த மாசம் காலி பண்ணணும். எது முக்கியம்னு எப்படி பிரிக்கறது, எதை வெச்சுக்கறது, எப்படி படிக்கறது?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பிரிக்கவே பிரிக்காதீங்க. வீடு காலி பண்ற அவசரத்துல முக்கியமானது ஒரு கட்டு, மத்தது பழைய பேப்பர்காரருக்குன்னு பிரிச்சவங்க எத்தனையோ பேரை பாத்திருக்கேன், அப்புறம் வந்து உக்காந்து வருத்தப்படுவாங்க. பெட்டில எது மேல எது இருக்கோ அந்த வரிசையே ஒரு தகவல், ஒரே நூல்ல கட்டி வெச்ச நாலு கடிதம் தேதிப்படி சேராம இருந்தாலும் அவர் மனசுல அது நாலும் ஒரே விஷயம்னு அர்த்தம், பெரும்பாலும் ஒரே நோயாளியைப் பத்தினதா இருக்கும். அந்த நூலை அவுத்துட்டா திரும்ப யாராலும் கட்ட முடியாது. அதனால எடுக்கற வரிசைலயே மூலைல பென்சிலால, பேனா வேண்டவே வேண்டாம், 1, 2, 3ன்னு நம்பர் போட்டுட்டு வாங்க, அவ்வளவுதான் இந்த மாசத்து வேலை.

இன்னொண்ணு, நீங்க "தாத்தாவோட கடிதங்கள்"னு சொல்றீங்க, ஆனா உங்க பெட்டில இருக்கறது பெரும்பாலும் அவர் எழுதினது இல்ல, அவருக்கு வந்தது. அவர் எழுதினதெல்லாம் வேற யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்ல இருக்கு, இல்ல கரையான் தின்னாச்சு. ஆக நீங்க கேக்கறது போன்ல ஒரு பக்கம் பேசறதை மட்டும் பக்கத்துல உக்காந்து கேக்கற மாதிரி. உங்க தாத்தா என்ன கேட்டார், எங்க தப்பு பண்ணார், எதுக்கு கவலைப்பட்டார்ங்கறதை எதிராளி பதில்லேர்ந்துதான் பிடிக்கணும்.

ரெண்டு பக்கமும் கிடைச்சா எப்படி இருக்கும்ங்கறதுக்கு ரொனால்ட் ராஸ், பாட்ரிக் மேன்சன் கடிதங்களை சொல்லலாம். ராஸ் மெட்ராஸ்லயெல்லாம் வேலை பார்த்த ராணுவ டாக்டர், 1894ல லீவுல லண்டன் போனப்போ அங்க டாக்டரா இருந்த மேன்சனை பாத்தார், அவர்தான் மலேரியா கிருமியை மைக்ராஸ்கோப்ல காட்டி கொசுவை கவனிங்கன்னு சொல்லி அனுப்பினார். 1895லேர்ந்து 1899 வரைக்கும் இங்கேர்ந்து ராஸ் எழுத அங்கேர்ந்து மேன்சன் எழுத, ரெண்டு பேருமே குப்பைல போடாம வெச்சிருந்ததால கொசுதான் மலேரியாவைப் பரப்புதுங்கற கண்டுபிடிப்பை இன்னிக்கு வாரா வாரம் கூடவே நடந்து பாக்கலாம். 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்ல கொசு வயித்துல கிருமியை பார்த்தது, மறுவருஷம் கல்கத்தால பறவைங்களுக்கு வர்ற மலேரியாவை வெச்சு மீதியை முடிச்சது, அதை 1898 ஜூலைல எடின்பரோல நடந்த டாக்டர்கள் மாநாட்டுல ராஸுக்காக மேன்சன் எழுந்து சொன்னது எல்லாம். 1902ல ராஸுக்கு நோபல் வந்தது, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத கதை என்னன்னா இவ்வளவு பாசமா எழுதிக்கிட்ட ரெண்டு பேரும் பின்னாடி முறைச்சுக்கிட்டாங்க, 1912ல மேன்சன் வேற ஒருத்தருக்கு எழுதின சிபாரிசுக் கடிதத்துல தன்னை மட்டம் தட்டிட்டார்னு ராஸ் அவதூறு கேஸ் வரைக்கும் போயிட்டார். அதனால 1908 கடிதத்துல ஒருத்தர் உங்க தாத்தாவை தலைமேல தூக்கி வெச்சு எழுதியிருந்தா உயிர் நண்பர்னு உடனே முடிவு கட்டாதீங்க, 1920 கட்டையும் பாத்துட்டு சொல்லுங்க.

இதே கடிதங்கள்லேர்ந்து படிக்கற வித்தையும் ஒண்ணு கத்துக்கலாம். அப்போ கப்பல் தபால், இங்கேர்ந்து லண்டனுக்கு ஒரு கடிதம் போய் பதில் வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள இவர் இன்னும் ரெண்டு மூணு எழுதிடுவார், அதனால கைல இருக்கற பதில் நேத்தைய கடிதத்துக்கு இல்ல, ரெண்டு மூணு கடிதத்துக்கு முந்தினதுக்கு. உங்க பெட்டில சீமைக் கடிதம் இருந்தா இதை மறக்காதீங்க. உள்ளூர்க் கடிதத்துல முதல் வரிலயே "உங்க 14ஆம் தேதி கடிதம் கிடைச்சது"ன்னு இருக்கும், பக்கத்துல "இன்ஸ்ட்"னு போட்டிருந்தா இந்த மாசம் 14, "அல்ட்"னு இருந்தா போன மாசம் 14. இதை வெச்சே உங்க தாத்தா எப்பெப்போ எழுதினார்னு ஒரு லிஸ்ட் போட்டுடலாம், அவர் எழுதின ஒரு தாள் கூட கைல இல்லாமலே.

தேதியே இல்லாத கடிதம் நிறைய இருக்கும், டாக்டர்னா அப்பவே அவசரம்தான். உறை இருந்தா தபால் முத்திரையை பாருங்க, அதுவும் அழிஞ்சிருந்தா ஸ்டாம்ப்ல எந்த ராஜா தலைன்னு பாருங்க, ஜார்ஜ் மூஞ்சின்னா 1911க்கு முன்னாடி இல்ல. தயவுசெஞ்சு ஸ்டாம்பை ஆவி காட்டி உரிச்சு யாருக்கும் குடுக்காதீங்க. மருந்தும் தேதி சொல்லும், சிபிலிஸுக்கு "606" போட்டேன்னு எழுதியிருந்தா அது 1910க்கு அப்புறம், இன்சுலின் பேச்சு வந்தா 1922க்கு அப்புறம். நோய் பேரும் பழசா இருக்கும், எண்டெரிக் ஃபீவர்னா டைபாய்டு, தைசிஸ்னா டிபி. ராஸே தன்னோட முக்கியமான கொசுவுக்கு பேர் தெரியாம புள்ளி இறக்கைக் கொசுன்னுதான் எழுதிட்டிருந்தார், அது அனாஃபிலிஸ்னு நமக்கு இன்னிக்கு தெரியும். படிக்கறப்ப புரியாத வார்த்தையை திருத்தாம அப்படியே எழுதிக்கோங்க. அப்புறம் ஒரு எச்சரிக்கை, உள்ள மருந்துக் கலவை ஏதாவது எழுதியிருந்தா தாத்தா வைத்தியம்னு வீட்டுல செஞ்சு பாக்காதீங்க, பாதரசமும் ஆர்செனிக்கும் சாதாரணமா குடுத்த காலம் அது.

டாக்டருங்க தங்களுக்குள்ள அடிக்கற கிண்டலையும் நிஜம்னு எடுத்துக்காதீங்க. வில்லியம் ஆஸ்லர் எவ்வளவு பெரிய மனுஷர், 1905ல ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரா போனவர், அவரே எகர்டன் யாரிக் டேவிஸ்னு இல்லாத ஒரு ஆளை உண்டாக்கி அந்த பேர்ல 1884ல பிலடெல்ஃபியா மருத்துவப் பத்திரிகைக்கு பொய்க் கேஸ் ஒண்ணை எழுதி அனுப்பி, அவங்களும் அச்சடிச்சு, பின்னாடி வந்தவங்க அதை நிஜ கேஸா மேற்கோள் காட்டி, பெரிய கூத்து. அதே ஆஸ்லர்கிட்ட இன்னொரு பாடமும் இருக்கு. ஊரெல்லாம் போஸ்ட்கார்டு போட்டுத் தள்ளினவர், 1919ல இறந்ததும் மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் அவர் வரலாற்றை எழுத உக்காந்தப்போ நண்பர்களுக்கெல்லாம் எழுதி உங்ககிட்ட இருக்கறதை அனுப்புங்கன்னு கேட்டு வாங்கித்தான் எழுதினார், 1925ல ரெண்டு பெரிய வால்யூமா வந்தது. நீங்களும் கடிதம் போட்டவங்க பேரையும் ஊரையும் தனியா எழுதிட்டு அவங்க பேரன் பேத்திங்களை தேடிப் பாருங்க, எனக்கு தெரிஞ்சு ஒரு குடும்பத்துக்கு மறுபாதி ரெண்டு தெரு தள்ளி கிடைச்சது.

பேப்பர் விஷயம் சுருக்கமா. குண்டூசி துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும், இழுக்காதீங்க, மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் துண்டை அடியில நுழைச்சு நெம்புங்க. ரப்பர் பேண்ட், செல்லோடேப், லேமினேஷன் மூணும் எதிரி, எங்க சித்தப்பா எங்க தாத்தா கடிதத்துக்கு அன்போட ஒட்டின டேப் இன்னிக்கு எழுத்தையே சேத்து மஞ்சளாக்கி வெச்சிருக்கு. பழுப்பான மை பெரும்பாலும் இரும்பு மை, தண்ணி பட்டா போச்சு, ஈரத்துணியால துடைக்கக் கூடாது. ராமபாணப் பூச்சிக்கு பயந்து பச்சை வேப்பிலையை தாளுக்கு நடுவுல வைக்காதீங்க, ஈரமும் கறையும்தான் மிச்சம். கடிதத்தையும் உறையையும் முன் பின் ரெண்டு பக்கமும் ஜன்னல் வெளிச்சத்துல, வெயில்ல இல்ல, போன்ல போட்டோ எடுத்து நம்பரோட சேத்து வைங்க.

போட்டோ எடுத்ததும் குடும்ப குரூப்லயோ ஃபேஸ்புக்லயோ போடத் தோணும், கொஞ்சம் பொறுங்க, அதுல நோயாளிங்க பேரோட எழுதியிருப்பாங்க, யாருக்கு என்ன வியாதின்னு, அதே ஊர்ல அவங்க குடும்பம் இன்னும் இருக்கலாம். பேரை மறைச்சுட்டு போடுங்க. சட்டமும் ஒண்ணு இருக்கு, தாள் உங்களோடது ஆனா உள்ள இருக்கற எழுத்துக்கான உரிமை எழுதினவரோட வாரிசுக்கு, அதனால புத்தகமா போடற எண்ணம் இருந்தா முன்னாடியே ஒரு வக்கீல்கிட்ட பேசிடுங்க.

வெச்சுக்க இடமில்லன்னா சென்னைல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு, எடுத்துப்பாங்களான்னு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்க, குடுத்தா மொத்தமா குடுங்க, நல்லதை நீங்க வெச்சுக்கிட்டு மீதியை குடுக்காதீங்க. காலி பண்ற அன்னிக்கு அந்த டிரங்கை சாமான் லாரில ஏத்தாம உங்க கூடவே கார்ல எடுத்துட்டு போயிடுங்க.