கிப்லியா, டேடோனாவா?

அன்புள்ள ஐயா,

போன மாதம் இங்கே ஒரு பழைய கார் கண்காட்சியில் மசெராட்டி கிப்லியையும் ஃபெராரி டேடோனாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். கூட்டமெல்லாம் டேடோனாவைச் சுற்றித்தான். விலையும் அதற்குத்தான் மிக அதிகமாம். "கிப்லியின் பின்பக்கம் லாரி மாதிரி லீஃப் ஸ்பிரிங்" என்று ஒரு சேகரிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். கிப்லி உண்மையிலேயே இரண்டாந்தரம்தானா?

செந்தில், ஸ்டுட்கார்ட்

அன்புள்ள செந்தில்,

இல்லவே இல்லை. லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டைகளை அடுக்கிச் செய்த வில், என்பது உண்மைதான். 1966 நவம்பரில் டூரின் கண்காட்சியில் கிப்லி வந்தபோதே அது பழைய முறை. ஆனால் அது ஒன்றை வைத்துக் காரையே ஒதுக்குவது அநியாயம்.

டேடோனாவின் முறையான பெயர் 365 ஜிடிபி/4. 1967 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி முதல் மூன்று இடங்களையும் பிடித்ததை வைத்து வழங்கிய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1968 பாரிஸ் கண்காட்சியில் வந்தது. 4.4 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின், ஆறு வெபர் கார்புரேட்டர், 352 குதிரைத்திறன், மணிக்கு 280 கிமீ. எடை சமமாக இருக்கட்டும் என்று கியர்பாக்ஸைப் பின் அச்சோடு சேர்த்து வைத்தார்கள். அபாரமான வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் முழு பலமும் எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்று சுற்றும்போதுதான் வெளிப்படும். ஊருக்குள் ஓட்டினால் ஸ்டியரிங்கும் கிளச்சும் கையையும் காலையும் ஒடித்துவிடும்.

கிப்லி வேறு ஜாதி. அதன் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் பந்தயக் கார் எஞ்சினின் வழிவந்தது என்றாலும், கிப்லியின் 4.9 லிட்டர் எஸ்எஸ் மாடல் தன் 335 குதிரைத்திறனை 5,500 சுற்றிலேயே கொடுத்துவிடும். விரட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை பார்க்கும்போது பின் ஜன்னலை ஒட்டிய தூண்களைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன மூடி இருக்கும். பெட்ரோல் ஊற்றுவது அங்கேதான். இரண்டு டாங்க், சேர்த்து 100 லிட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வேறொரு நாட்டில் இறங்கலாம் என்று நினைத்துச் செய்த கார் அது. அப்புறம் அந்த பானெட்! எஞ்சின் ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்ததால் எஞ்சினைத் தாழ்வாக இறக்க முடிந்தது. அதனால்தான் கியா (Ghia) என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த வடிவமைப்பாளர் ஜியுஜாரோவால் அந்த முகப்பை அவ்வளவு தட்டையாக வரைய முடிந்தது. அழகில் நான் கிப்லி கட்சி.

அரிது என்று பார்த்தாலும், டேடோனா கூப்பே (மூடிய கூரை வண்டி) செய்தது 1,300-க்குச் சற்றுக் குறைவு. கிப்லி கூப்பே 1,200-ஐத் தொடவில்லை. ஆக, விலை வித்தியாசத்துக்கு அரிது என்பது காரணமில்லை. பெரும்பகுதி ஃபெராரி என்ற பெயருக்கும் வி12-க்கும் கொடுக்கும் பணம்.

வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். டேடோனா என்றால் திறந்த கூரை ஸ்பைடரிடம் மிக எச்சரிக்கையாக இருங்கள். ஃபெராரியே செய்தவை சுமார் 120 மட்டும்தான். கூப்பேயின் கூரையைப் பின்னாளில் வெட்டி ஸ்பைடர் ஆக்கியவையும் சந்தையில் உண்டு. சேஸி எண்ணை (வண்டியின் சட்டத்தில் பொறித்த அடையாள எண்ணை) சரிபார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

கிப்லியில் பயம் துருதான். உடல் முழுக்க இரும்புத் தகடு. விலை குறைவு என்பதால் பழைய சொந்தக்காரர்கள் பலர் செலவழிக்கத் தயங்கியிருப்பார்கள். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் கூலி மட்டும் காரின் விலைக்கேற்றபடி குறைவதில்லையே. பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காமல், வண்டியை மேலே தூக்கச் சொல்லி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.