சாவி ஏற்காட்டில், கார் ஸ்டுட்கார்ட்டில்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சூரமங்கலத்துக்காரர் நீங்கள், ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. லைசென்ஸ் எடுத்த கையோடு 2016 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பழையதாக வாங்கினீர்கள். இரண்டே சீட், கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார். லீவில் சேலம் வந்து நண்பர்களோடு ஏற்காடு போன இடத்தில் சாவிக்கொத்து எங்கேயோ விழுந்துவிட்டது. அதில் கார் சாவியும் இருந்தது, அங்கே வாடகைக்கு இருக்கும் பிளாட்டின் சாவியும் இருந்தது. காருக்கு அந்த ஒரு சாவிதான். சேலத்திலேயே டூப்ளிகேட் போட முடியுமா, இன்னொரு முறை மலைக்குப் போய்த் தேடலாமா, காரைத் தள்ளிவிட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட்.

நானும் இப்போது லீவில்தான் இருக்கிறேன், அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டில். ஜெர்மனியில் குடும்பத்தோடு பல வருஷம் ஆகிவிட்டது என்பதால் இந்தச் சாவி விவகாரங்களைக் கொஞ்சம் அறிவேன்.

சேலத்தில் டூப்ளிகேட் முடியாது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை ரிப்பேரும் சாவியும் சேர்த்துச் செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான். பூட்டைப் பார்த்தே அரத்தால் ராவி பீரோ சாவி போட்டுத் தருவார்கள். ஆனால் பார்க்கப் பூட்டு வேண்டுமே, அது ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. அப்படியே அச்சு அசலாக இரும்பை வெட்டினாலும் டிரைவர் பக்கக் கதவுதான் திறக்கும், என்ஜின் ஓடாது. 1998 முதல் ஜெர்மனியில் விற்கும் புதுக் கார் ஒவ்வொன்றிலும் இம்மொபிலைசர் கட்டாயம். சாவிக்குள் இருக்கும் சிப்பை காரின் கம்ப்யூட்டர் விசாரிக்கும். சிப் சரியான பதில் சொன்னால்தான் ஸ்டார்ட் ஆக விடும். பேர் கேட்டு, ரெஜிஸ்டரில் பார்த்து, அப்புறம் கேட்டைத் திறக்கிற வாட்ச்மேன் மாதிரி. அந்த ரெஜிஸ்டரில் புதுச் சாவியின் பெயரை எழுத வேண்டுமென்றால் காரின் பக்கத்தில் இருந்து, காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான ஓபிடி சாக்கெட்டில் கருவியை மாட்டித்தான் எழுத முடியும். சிப்பைக் காப்பி அடிக்கலாமே என்று யாராவது சொல்லலாம். காப்பி அடிக்க மூலச் சாவி கையில் வேண்டும்.

ஆனால் தம்பி, நீங்கள் கார் சாவியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, வீட்டுச் சாவியை ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். நான் அதைத் தலைகீழாக்குவேன். பணம் பெரிதாகப் போக வாய்ப்பு இருப்பது வீட்டுச் சாவியில்தான்.

அங்கே பல குடியிருப்புகளில் ஒரே சாவி உங்கள் பிளாட், கட்டடத்தின் வெளிக்கதவு, நிலவறை, சைக்கிள் அறை எல்லாவற்றையும் திறக்கும். இந்தப் பூட்டு அமைப்புக்கு ஷ்லீஸ்அன்லாகே என்று பெயர், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒரு சாவி தொலைந்தால், எடுத்தவன் எல்லார் வீட்டு வாசலுக்கும் வரலாம் என்ற பயத்தில் மொத்தக் கட்டடத்தின் பூட்டுகளையும் மாற்றி, பில்லை உங்களிடம் நீட்ட முடியும். பெரிய கட்டடமென்றால் அந்தத் தொகை கார் சாவியை விளையாட்டுச் சாமான் ஆக்கிவிடும். அந்தச் சாவியை வெளிக்கடையில் வெட்டிக்கொள்ளவும் முடியாது. கட்டட நிர்வாகத்தின் கையில் உள்ள பாதுகாப்பு அட்டையைக் காட்டினால்தான் புதிது செய்து தருவார்கள்.

சரி, பயப்படவும் வேண்டாம். இதில் சட்டம் வாடகைக்காரரை அப்படியே கைவிடவில்லை. கார்ல்ஸ்ரூவில் இருக்கும் கூட்டாட்சி நீதிமன்றம் 2014 மார்ச் 5 அன்று ஒரு தீர்ப்பு சொன்னது: பூட்டுகளை நிஜமாகவே மாற்றியிருந்தால்தான் வீட்டுக்காரர் செலவைக் கேட்க முடியும்; மாற்றப் போகிறேன் என்று எஸ்டிமேட்டை மட்டும் நீட்டிப் பணம் வாங்க முடியாது. இன்னொன்று, தொலைந்த சாவியை யாரும் தவறாகப் பயன்படுத்த வாய்ப்பில்லை என்று காட்ட முடிந்தால், எல்லாப் பூட்டையும் மாற்றியே ஆக வேண்டும் என்ற வாதமே பலவீனமாகிவிடும். ஏரிக்குள் விழுந்த சாவியை வைத்து யார் திருடப் போகிறார்கள்?

இங்கேதான் ஏற்காடு உங்களுக்குக் கை கொடுக்கிறது. ஸ்டுட்கார்ட்டில் உங்கள் தெருமுனையில் தொலைத்திருந்தால் சங்கடம். சேர்வராயன் மலையில் கிடக்கும் சாவியை எடுத்தவர், அது எந்த நாட்டுக் கதவு என்றே அறிய மாட்டார். அதனால் உங்களுக்கு இப்போது சாவியைவிட முக்கியம், அது ஏற்காட்டில்தான் தொலைந்தது என்று சொல்லும் ஒரு காகிதம்.

ஏற்காடு காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். எந்தத் தேதி, ஏறக்குறைய எத்தனை மணி, எந்த இடங்களுக்குப் போனீர்கள், கொத்தில் என்னென்ன சாவி, காரின் பதிவு எண் எல்லாம் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். மனுவைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் பிரதியிலும் நிலைய முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். "காணாமல் போனது" என்றே எழுதுங்கள். சீக்கிரம் வேலை நடக்கும் என்று யாராவது "திருடு போனது என்று போடு" என்பார்கள், கேட்காதீர்கள். அது பொய்ப் புகார், அங்கே இன்ஷூரன்ஸ்காரர்களும் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும்: கொத்தில் உங்கள் ஜெர்மன் முகவரி எழுதின அட்டை ஏதாவது தொங்கியதா? இல்லையென்றால் அதையும் மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தொங்கியிருந்தால் மேலே நான் சொன்ன தைரியம் பாதியாகிவிடும்.

மனு கொடுக்க மேலே போகத்தானே வேண்டும், அப்போது தேடுங்கள். அதற்கென்று தனியாக ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் இறங்கி இறங்கிப் பார்ப்பதில் பயனில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து சாவி விழாது. நீங்கள் உட்கார்ந்து எழுந்த இடங்கள்தான் கணக்கு. லேடீஸ் சீட்டில் உட்கார்ந்த கல், பஜ்ஜி சாப்பிட்ட கடை, படகுத்துறை டிக்கெட் கவுன்ட்டர், பகோடா பாயின்ட், வாடகைக் காரின் பின்சீட் இடுக்கு. கடைக்காரர்களிடம் கேளுங்கள். கிடைத்த சாவியை ஒரு ஆணியில் மாட்டி வைப்பார்கள், கேட்டு வருகிறவருக்குக் கொடுப்பார்கள். உங்கள் அப்பாவின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நீங்கள் போன பிறகு கிடைத்தால், கூரியரில் அனுப்பும் முன் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், லித்தியம் பேட்டரி என்றால் பார்சலை நிறுத்துவார்கள். பேட்டரி இல்லாமலே அந்தச் சாவியை ஸ்டார்ட் பட்டனில் தொட்டு வண்டியை எடுக்கலாம். சிப்புக்கு மின்சாரம் காரே கொடுக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல். சாவி தொலைந்ததைத் தாமதமில்லாமல் சொல்வது உங்கள் கடமை. போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவது நம் ஊர்ப் பழக்கம், அங்கே அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். நாலு வரி போதும், ஜெர்மனில் எழுதுங்கள், மனு கொடுத்ததும் அதன் படத்தைப் பின்னாலேயே அனுப்பிவிடுங்கள். கூடவே உங்களால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்தை ஈடு செய்யும் தனிநபர் ஹாஃப்ட்ப்ஃப்ளிக்ட் இன்ஷூரன்ஸ் பத்திரத்தைத் திறந்து, அடுத்தவருக்குச் சொந்தமான சாவி தொலைவதற்குக் காப்பீடு உண்டா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கிறது. இருந்தால் அவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள். பூட்டு மாற்றும் பில் வந்தால் அவர்கள் பாடு. கார் சாவிக்கு அதில் ஒன்றும் வராது, அது உங்கள் சொந்தச் சாமான். இந்தப் பாலிசி இன்னும் எடுக்கவில்லை என்றால் திரும்பிப் போனதும் முதல் வேலையாக எடுங்கள். கார் வாங்குவதற்கு முன்னாலேயே எடுத்திருக்க வேண்டியது, சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டிய நீங்கள் ஞாயிறு இரவு பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டியோடு நிற்கக் கூடாது. மாற்றுச் சாவி வீட்டுக்காரரிடமோ, கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டரிடமோ இருந்தால் யாராவது நண்பரை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வேறு வழியே இல்லாமல் சாவி சர்வீஸைக் கூப்பிட வேண்டி வந்தால், இணையத்தில் முதலில் வருகிறவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். இரவும் ஞாயிறும் கூடுதல் கட்டணம் நியாயம்தான், ஆனால் அதைச் சாக்காக வைத்துக் கொள்ளையடிக்கிறவர்கள் அந்தத் தொழிலில் நிறைய. வருவதற்கு முன்பே போனில் மொத்தத் தொகையைக் கேட்டு ஒப்புக்கொள்ள வையுங்கள். நீங்கள் பூட்டிவிட்டு வந்ததா, வெறுமனே இழுத்துச் சாத்தியதா என்பதையும் சொல்லுங்கள். சாத்திய கதவைப் பூட்டு உடையாமலே சில நிமிஷத்தில் திறப்பார்கள்.

இனி கார். அது எங்கே நிற்கிறது என்று எழுதவில்லை. தெருவில் என்றால் ஒரு நண்பரை வாரம் இருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு மாறுகிறவர்களுக்காக, சாலை வேலைக்காக, திடீரென்று தற்காலிக நோ பார்க்கிங் பலகை நடுவார்கள். மூன்று முழு நாள் முன்னால் நட்டிருந்தால் நான்காம் நாள் இழுத்துப் போய்ச் செலவை உங்களிடம் வாங்கலாம், ஊரில் இல்லை என்ற சாக்கு செல்லாது என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. நிலவறைப் பார்க்கிங்கில் என்றால் அந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை: கூரை பெரும்பாலும் இரண்டு மீட்டர் உயரம்தான், சாதாரண இழுவை லாரி உள்ளே நுழையாது. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஸ்டியரிங் பூட்டியிருக்கும் வண்டியைத் தள்ளவும் முடியாது. அதற்கென்று தாழ்வான இழுவை வண்டிகள் உண்டு. போனில் கூப்பிடும்போதே நிலவறை என்று சொல்லிவிடுங்கள்.

இழுக்காமலே முடிக்கவும் வழி உண்டு. கருவியோடு கார் நிற்கும் இடத்துக்கே வந்து புதுச் சாவியைப் பதிந்து தருகிற கார்ச் சாவி நிபுணர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாடலுக்குச் செய்வார்களா என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, கம்பெனி டீலர் சொல்லும் தொகையோடு இழுவைச் செலவையும் கூட்டி ஒப்பிடுங்கள். யாராக இருந்தாலும் பாஸ்போர்ட், ஃபார்ட்சொய்க்ஷைன் என்ற வண்டிப் பதிவுச் சான்று, பல இடங்களில் ஃபார்ட்சொய்க்பிரீஃப் என்ற உரிமைப் பத்திரமும் கேட்பார்கள். கேட்காமலே சாவி போட்டுத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கடனில் வாங்கியிருந்தால் பிரீஃப் வங்கியிடம் இருக்கும், அவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஷைனை காருக்குள்ளேயே வைத்துவிட்டீர்களா? நிறையப் பேர் செய்வது. அப்படியென்றால் முதலில் வீடு திறக்க வேண்டும், வீட்டுக்குள் பிரீஃப், அதைக் காட்டிக் காருக்குச் சாவி, காருக்குள் ஷைன். வீட்டுச் சாவியை ஏன் முதலில் பார்க்கச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

டீலர் காரின் பதினேழு எழுத்து அடையாள எண்ணை வைத்து சாவியை வரவழைப்பார். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். செலவு சில நூறு யூரோ என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒன்று ஆறுதல்: எம்எக்ஸ்-5 அபூர்வமான வண்டி இல்லை. உங்கள் வண்டி மாடலான அதே 2016 ஏப்ரலில்தான் ஹிரோஷிமாவில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. இத்தாலிக்காரன் கையால் செய்த வண்டிக்குச் சாவி கேட்கிற நிலைமை உங்களுக்கு இல்லை.

சாவி ஆர்டர் கொடுக்கும்போது இரண்டாகக் கொடுங்கள். பதியும் கூலி கிட்டத்தட்ட ஒரே கூலிதான், இரண்டாவதுக்குச் சாவி விலை மட்டும் கூடும். தொலைந்த சாவியை காரின் நினைவிலிருந்து அழித்துவிடச் சொல்லி, அழித்ததாக பில்லில் எழுதி வாங்குங்கள். கார் இன்ஷூரன்ஸுக்கும் சாவி தொலைந்ததை இப்போதே தெரிவியுங்கள். நாளைக்கு வண்டி திருடு போனால் திருட்டுக்குப் பணம் தரும் டைல்காஸ்கோ காப்பீட்டில் பணம் கேட்கும்போது எல்லாச் சாவியையும் மேஜையில் வை என்பார்கள். அப்போது ஏற்காட்டுக் கதையைப் புதிதாகச் சொன்னால் யார் நம்புவார்? இன்று அனுப்பிய மின்னஞ்சல் இருந்தால் நம்புவார்கள்.

வாங்கும்போது ஒரு சாவிதான் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே புழங்கும் அச்சடித்த ஒப்பந்தப் படிவங்களில் எத்தனை சாவி ஒப்படைக்கப்பட்டது என்று எழுத ஒரு இடம் இருக்கும். இரண்டு என்று எழுதி ஒன்றைக் கொடுத்திருந்தால் விற்றவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர் வீட்டு இழுப்பறையிலேயே அது கிடந்தால் நான் எழுதியதில் பாதி வேலை மிச்சம். மலைக்குப் போகும் முன் அவருக்கு ஒரு செய்தி தட்டிவிடுங்கள்.

காரைத் தள்ளிவிடுவது பற்றி: சாவி இல்லாத காரை ஓட்டிப் பார்க்க முடியாது, யாரும் நல்ல விலை சொல்ல மாட்டார்கள். உதிரிக்கு எடுக்கிறவர்தான் வருவார். விற்பதென்றாலும் இரண்டு சாவி போட்டுவிட்டு விற்றுவிடுங்கள், அந்தச் செலவு விலையில் திரும்பி வரும். மனு கொடுக்கத் துணை வேண்டுமென்றால் வியாழக்கிழமை காலையில் நான் சும்மாதான் இருக்கிறேன், அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் வந்து ஏற்றிக்கொள்ளுங்கள்.